எட்டு வாளி எலுமிச்சை உப்பு

கொல்லைப்புறத்தை சிமெண்ட் போட்டு மூடியே தீருவது என்று மாஸ்டர் முடிவெடுத்தபோது அவர் மனைவி வீட்டில் இல்லை. இருந்திருந்தால் முடிவெடுத்திருக்கமாட்டார்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பகல் முழுக்க அடுத்தவர்களிடம் "பிரேக்! பிரேக்!" என்று கத்துகிறவர். வீட்டில் பிரேக், கிளட்ச், ஆக்ஸிலேட்டர் மூன்றும் மனைவியின் காலடியில். அந்த அம்மாளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதையும் சோதிக்காமல் நம்பமாட்டாள், கணவன் உள்பட.

மாஸ்டரின் கனவு ஒரு கொட்டகை, அதில் ஒரு கேரம் போர்டு, சுற்றி நாலு நண்பர்கள். மனைவியின் கனவு தக்காளி, கத்தரி. இருந்ததோ ஒரே கொல்லை. முன்பு குடியிருந்தவர் அங்கேதான் பழைய லாரி பேட்டரிகளைப் பிரித்துக் கொட்டியிருந்தார். மனைவி மண்ணைப் பொட்டலம் கட்டிச் சோதனைக்கு அனுப்பினாள். ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாக முடிவு வந்தது.

மாஸ்டர் துள்ளிக் குதித்தார்.

"பேருதான் ஈயம். நமக்கு ஒரு தக்காளி ஈயாது! மூடிடலாமா?"

"மூட வேண்டியது மண்ணை இல்லைங்க."

"பின்னே?"

"வாயை. கடுகு விதைக்கப் போறேன். வேர் வழியா ஈயத்தை உறிஞ்சிக்கும். செடியைத் திங்காம பிடுங்கி, மூட்டை கட்டி, ரசாயனக் குப்பை வண்டியில ஏத்திடணும். மூணு தடவை அப்படிச் செஞ்சா மண்ணு தேறிடும்."

"தேறலைன்னா?"

"சிமெண்ட் மூட்டையை நானே இறக்கி வைக்கறேன்."

மாஸ்டர் கை அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மனைவி மக்கிய உரம் கலந்தாள், கடுகு தூவினாள். "ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்களேன்" என்று கேட்ட அன்றே மாஸ்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் வற்புறுத்தவில்லை. செடி முழங்கால் உயரம் வந்ததும் அலமாரியில் ஒரு டப்பாவை வைத்தாள்.

"ஏங்க, இது எலுமிச்சை உப்பு, சிட்ரிக் ஆசிட். மறந்தும் கடுகுப் பக்கம் கொண்டு போயிடாதீங்க. வாளிக்கு ஒரு கரண்டி போதும், செடி வாடிடும்."

"நான் ஏன்மா அதைத் தொடப் போறேன்?" என்றார் மாஸ்டர். குரலில் பால் வடிந்தது.

புதன்கிழமை மாஸ்டருக்கு விடுமுறை, மனைவிக்கு வேலை. இடுப்பு பூரணமாகக் குணமாகிவிட்டது! வாளிக்கு ஒரு கரண்டி, மொத்தம் எட்டு வாளி. நாலே நாளில் கடுகு மஞ்சள் பூத்துத் தலை தொங்கியது. அது பூவின் மஞ்சள் இல்லை, இலையின் மஞ்சள்.

"ஐயையோ, வாடிடுச்சே!" என்று மனைவி கன்னத்தில் கை வைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, வண்டியில் ஏற்றி அனுப்பினாள். மறுபடி விதைத்தாள். மறுபடி டப்பா நிறைந்திருந்தது. எப்படி நிறைந்தது என்று மாஸ்டர் யோசிக்கவில்லை. கேரம் காய்களின் விலையை விசாரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

மூன்றாம் கடுகும் வாடிய பிறகு மண் மறுபடி சோதனைக்குப் போனது. கடிதம் வந்தது. மாஸ்டர்தான் பிரித்தார். ஈயம் அளவுக்குள் இறங்கியிருந்தது.

"இது எப்படி முடியும்? நான் அத்தனை வாளி ஊத்தியும்..." என்று கத்தியவர், நடு வார்த்தையில் சடன் பிரேக் போட்டார்.

"ஒவ்வொரு தடவையும் எட்டு வாளி. கொல்லையில வாளி வச்ச தடம் தெரியுமே" என்றாள் மனைவி நிதானமாக. "ஈயம் மண்ணை விடாப்பிடியா பிடிச்சிருக்குங்க. புளிப்பு பட்டாத்தான் பிடி விடும், வேரும் குடிக்கும். நிறையக் குடிச்ச செடி வாடத்தான் செய்யும்."

"அப்போ 'ஊத்துங்க'ன்னு நேரா சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா உங்க இடுப்பு என்ன சொல்லியிருக்கும்?"

மாஸ்டர் முறைக்கப் பார்த்தார். சிரிப்பு முந்திக்கொண்டது. அவளும் சிரித்தாள். இருவரும் சேர்ந்தே தக்காளி நாற்று நட்டார்கள். மண் கையில் குளிர்ச்சியாக இருந்தது. கேரம் போர்டை ஹாலில் போட்டுக்கொள்ள அனுமதியும் கிடைத்தது. தோற்றதுகூட அப்படியொன்றும் மோசமில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றிய நேரத்தில், மதில் மேல் பக்கத்து வீட்டு பேங்க்காரரின் தலை முளைத்தது.

"மாஸ்டர், எங்க மண்ணுலயும் ஈயமாம். அக்கா உங்களைத்தான் கைகாட்டினாங்க. எங்க கொல்லை கொஞ்சம் பெரிசு... பதினாறு வாளி போதுமா?"