அடுப்படி மைக்கும் அஃப்சானா சம்பந்தமும்

பேகம்பூர்,
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அப்துல் ஹக்கீம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை குர்ஷித் பேகத்தின் வீட்டுக்காரன் அப்துல் கையூம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வடமதுரையில் நீங்களும் உங்கள் பம்பு செட் கடையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பீர்கள், அதனால் எழுதி பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன்.

நீங்கள் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை ரிஃபாத் நேற்று தன் தாயாருடன் என் மகள் அஃப்சானாவைப் பெண் பார்க்க வந்தார். அவர் காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார், நானோ எட்டாவது. என்ன பேசுவது என்று ஒரு வாரமாக யோசித்து, நமக்குச் சோறு போடும் 'செட்' என்ற வார்த்தையைப் பற்றியே பேசுவோம் என்று செல்போனில் தேடிப் படித்து வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டேன். நான் வாடகைக்கு விடுவது சவுண்டு செட், மச்சான் விற்பது பம்பு செட், என் வாயில் இருப்பது பல் செட், புரோட்டா கடையில் கேட்பது ஒரு செட், சிமெண்ட் இறுகினாலும் செட், இத்தனைக்கும் இங்கிலீஷில் அது ஒரே வார்த்தையே இல்லை, 'உட்கார வை' என்ற பழைய வார்த்தை ஒன்று, ஒருவர் பின்னால் போகும் கூட்டத்தைச் சொல்லும் லத்தீன் வார்த்தை பிரெஞ்சு வழியாக வந்தது இன்னொன்று, ஒட்டுமில்லை உறவுமில்லை, ஆனாலும் இரண்டும் ஒரே எழுத்தில் குடித்தனம் நடத்துகின்றன, சம்பந்தம் என்றால் அதுதான் சம்பந்தம் என்று முடித்தேன். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உங்கள் தங்கை என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், "செத்த நேரம் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள். நான் விட்டேனா? "நானாவது பேசுறேன், அவரு வாயே தொறக்கலையே! காலேஜுல பாடம் நடத்துறாரா, புள்ளைகளத் தூங்க வைக்கிறாரா? நம்ம அஃப்சானா வாய்க்கு ஒரு வாரம் தாங்க மாட்டாரு!" என்றேன். பக்கத்தில் நின்ற அஃப்சானாவும் ஏதோ சொன்னாள், நான் காதில் வாங்கினால்தானே. காலையில் போன கரண்ட் இதற்கு நடுவில் வந்தது. ஃபேன் சுற்றுகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

புது கார்ட்லெஸ் மைக் வந்தால், ஸ்பீக்கரை ஹாலில் வைத்து, மைக்கை வீட்டின் கடைசி மூலையில் வைத்து, எவ்வளவு தூரம் எடுக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். காலையில் பாதியில் கரண்ட் போனதும் அப்படியே விட்டுவிட்டேன். மைக் அடுப்படியில் புளி டப்பா பக்கத்திலேயே இருந்திருக்கிறது, ஆனில்.

ஹாலுக்குத் திரும்பினால் இருவரும் எழுந்து நிற்கிறார்கள். டீ தொடாமல் கிடக்கிறது. "கலந்து பேசிட்டுச் சொல்றோம் பாய்" என்று அந்த அம்மா வேகமாக வெளியேறினார். துணி போட்டு மூடிய ஸ்பீக்கரிலிருந்து உங்கள் தங்கை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உயிரே போனது.

மச்சான், தொடாத டீயை அஃப்சானாவே எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் தாங்கவில்லை. என் வாயால் என் பிள்ளையின் நல்ல சம்பந்தம் கெட்டுப்போகக் கூடாது. நீங்கள் இன்றே போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சுங்கள். கையூம் இனி மைக்கைத் தொட மாட்டான், தொழிலையே விடுகிறான் என்று சொல்லுங்கள்.

வீட்டில் அனைவருக்கும் என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு எல்லா பரக்கத்தும் தரட்டும், எனக்குக் கொஞ்சம் வாயடக்கமும்.

இப்படிக்கு,
அப்துல் கையூம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மாப்பிள்ளையின் தாயார் போன் செய்தார். அஃப்சானா அடுப்படியில் சொன்னதும் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது: "அத்தா, எனக்கு அவரப் புடிச்சிருக்கு. இந்தக் குடும்பத்துல பேசுறதுக்கு நீங்க ஒருத்தரே போதும்." சிரிப்பை அடக்க முடியாமல்தான் எழுந்து ஓடினார்களாம். முழுச் சம்மதமாம். ஒரே ஒரு நிபந்தனை, நிக்காஹ்வுக்கு சவுண்டு செட் வேறு ஆளுடையது. என் மகள் கல்யாணத்தில் எவனோ ஒருவனுடைய ஸ்பீக்கரா? தொழிலை விடுகிற பேச்சை மறந்துவிடுங்கள் மச்சான். எப்படியும் கெஞ்சத்தானே போகிறீர்கள், இதற்காகக் கெஞ்சுங்கள்.