குறில் தொலைந்த நிச்சயதார்த்தம்

மைக் 'கீய்ங்' என்று அலறினால் போதும், எனக்குத் தலை அரிக்கும். டாக்டரிடம் காட்ட முடியாத வியாதி. (என்னவென்று சொல்லிக் காட்டுவது?)

அப்போது நான் தாராவியில் பிறந்து, ஹிந்தி மீடியத்தில் படித்து, தமிழில் சண்டை போட மட்டும் தெரிந்த இளைஞன். தமிழ் எழுத்து எனக்கு ஜாங்கிரி. பார்க்கலாம், படிக்க முடியாது.

அண்ணனுக்கு சேம்பூரில் பெண் அமைந்தது. அவர்களும் திருநெல்வேலிப் பக்கம்தான். நேற்றுவரை எங்களுக்கு அடுத்த சந்தில் இருந்தவர்கள்தான். ஆனால் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனவர்களுக்குத் தாராவி என்றாலே மூக்கு தானாகச் சுருங்கும். பெண்ணின் மாமா என் காதுபடவே சொன்னார்: "தாராவிப் பயலுவளுக்கு எழுத்து வாசனையும் கெடையாது, சுத்தபத்தமும் கெடையாது."

விடுவேனா? நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டு நன்றியுரை என்னுடையது, அதுவும் செந்தமிழில் என்று அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.) வேதாகமம் வாசித்து வளர்ந்த அம்மா சொல்லச் சொல்ல, ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

சர்ச் ஹால். மோதிரம் தட்டில் காத்திருந்தது. மைக் கீய்ங் என்றது. அரபிக்கடலே என் நெஞ்சுக்குள் பொங்குவதாக நினைத்துக்கொண்டு முழங்கினேன்:

"எங்களுக்குப் பேன் கொடுத்த வீட்டாருக்கு மனமார்ந்த நன்றி!"

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கேசரிகள் பாதி வழியில் நின்றன. பெண்ணின் தாயார் கை தன்னையறியாமல் கொண்டைக்குப் போயிற்று.

"ஏல, நாங்க என்னத்தக் கொடுத்தோம்னு சொல்லுத?" மாமா எழுந்துவிட்டார்.

"பேனாவச் சொல்லுதான் மதினி, பேனா!" என்று பெண்ணின் தாயாரிடம் பாய்ந்தாள் அம்மா.

பயத்தில் நான் அடுத்த வரியைக் கட்டிப்பிடித்தேன்.

"இந்தப் பேனை நாங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவோம்!"

"போதும்லே, பஸ் கர்!" அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"தாராவிக்காரன் எங்களுக்குப் பேன் பாக்கானா? எல்லாரும் கெளம்புங்க!" என்றார் மாமா. நாற்காலிகள் கிறீச்சிட்டன. அண்ணன் அந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் கல்யாணப் பெண் ஸ்டெல்லா எழுந்து வந்து என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினாள். உரக்கப் படித்தாள்: "எங்களுக்குப் பேன் கொடுத்த..." நின்றாள். வெடித்துச் சிரித்தாள்.

"மாமா, இவரு பெண்ணுன்னுதான் எழுதிருக்காரு. ஹிந்தியில 'பெ' கெடையாது, 'பே' மட்டும்தான். எனக்கே பேன்னுதான வருது! ஒங்க மவன வாசிக்கச் சொல்லுங்க, அவன் என்ன சேம்பூர்ல தமிழா படிச்சுக் கிழிக்கான்?"

மாமா உட்கார்ந்தார். மூக்கு பழைய அளவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் 'பொண்ணு'தான் புழக்கம். 'பெண்' என்ற சொல்லை அன்று காகிதத்தில்தான் முதன்முதலாகச் சந்தித்தேன். அது ஊர்ந்து போய்விட்டது.

அந்த வெட்கத்தில் தமிழ் எழுத்து படித்தவன், இன்று தமிழில் புத்தகம் போடுகிறேன். (மேடைகளில் 'அசல் தமிழர்' என்று அறிமுகம் வேறு.) பிழை திருத்துவதற்கு எங்கள் வீட்டில் 'பேன் பார்ப்பது' என்றே பெயர். பார்ப்பது, எனக்குப் போட்டியாகத் தமிழ் எழுத்து கற்றுக்கொண்ட அண்ணிதான். ஒவ்வொரு முறையும் ரெண்டு மூன்றாவது சிக்கும்.

அன்று மோதிரம் மாற்றி, சாப்பாடு முடிந்து, சேம்பூர்க்காரர்கள் டாக்ஸியில் ஏறினார்கள். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டெல்லா மட்டும் கண்ணாடியை இறக்கினாள்.

"வாறேன் கொழுந்தனாரே. தலை பத்திரம்."