ஓசிக் கணினியும் மொக்போ ரயிலும்

கொரியர்களின் அறுவடைத் திருநாளான சூசொக் பண்டிகைக்கு மொக்போ போக மன்சிக்குக்கு ரயில் டிக்கெட் வேண்டும். உலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் எல்லாம் அவர் கணினியில் இருந்தது. டிக்கெட் ஒன்றுதான் இல்லை.

மொக்போவில் அண்ணன் வீடு. பண்டிகைக் காலையில் முன்னோருக்குப் படையல். முதல் கிண்ணம் மது அண்ணன் வைப்பார். இரண்டாவது கிண்ணம் மன்சிக்குடையது. போன வருஷம் தான் குடியிருக்கும் பூச்சோனிலிருந்து பஸ்ஸை நம்பிக் கிளம்பி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது படையல் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா பரலோகத்துலேர்ந்து வந்து, சாப்டுட்டுத் திரும்பியும் போயாச்சு. நீ பூச்சோன்லேர்ந்து இப்பத்தான் வர்றியா?" என்றார் அண்ணன்.

இந்த வருஷமும் தாமதமானால் இரண்டாவது கிண்ணம் சித்தப்பா மகனுக்கு. அண்ணன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஒரு தடவை கை மாறிய கிண்ணம் திரும்பாது. அந்தச் சித்தப்பா மகனை மன்சிக்குக்குத் தெரியும். பிடித்தால் விடமாட்டான்.

ஆகவே மன்சிக் சபதம் எடுத்தார். டிக்கெட்டைத் தன் கணினியில்தான் எடுப்பது. கணினிக்காக ஒரு வோன் கூடச் செலவழிப்பதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் எந்த மென்பொருளுக்கும் காசு கொடுத்ததில்லை. கடிதம் எழுத இலவசம். படம் பார்க்க இலவசம். குப்பை பெருக்க இலவசம். சுருட்டிக் கட்டிய கோப்பைப் பிரிக்க நாலு விதம். ஒன்று பிரித்ததை இன்னொன்று மறுபடி கட்டிவைக்கும். இவற்றைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் மகன் கலெக்டரானதைச் சொல்கிற தகப்பன் தோற்றான்.

எதிர் வீட்டு பாங் வயதில் இளையவர். வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டி, வைரஸுக்கு ஒரே ஒரு காவல் வைத்திருந்தார். அது மன்சிக்குக்குப் பொறுக்கவில்லை.

"காசா குடுத்த?"

"கொஞ்சம்தான் அண்ணே. ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் காசு."

"மலை ஊத்துல தண்ணி சும்மா வருது. நீ கடையில பாட்டில் வாங்குற ஆளு."

"ஊத்துக்கு வரிசையில நிக்கணுமே அண்ணே."

"நின்னா காலுக்கு நல்லது."

"சரி, உங்க காவல் எது?"

"மூணு வச்சிருக்கேன்."

"மூணா?"

"ஓசிதானே. ஒருத்தன் தூங்கினா இன்னொருத்தன் முழிச்சிருப்பான்."

ஒருவனும் தூங்கவில்லை. மூவரும் ஒருவனை ஒருவன் திருடன் என்று பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமியார், நாத்தனார், ஓரகத்தி மூவரையும் ஒரே அடுப்படியில் விட்ட கதை.

இதற்கு மேல் உறவுக்காரர்கள் வேறு. ஒரு மென்பொருளை ஏற்றும்போது திரை பெட்டி பெட்டியாகக் கேள்வி கேட்கும். பதிலையும் அதுவே டிக் போட்டு வைத்திருக்கும். மன்சிக் படிக்க மாட்டார். சரி, சரி, சரி என்று தட்டுவார். அகராதி ஒன்றை அழைத்தார். அதன் பின்னாலேயே வானிலைக்காரன், ராசிபலன்காரன், தள்ளுபடிச் செருப்புக்காரன் எல்லாரும் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். ஓசியில் வந்தவன் தனியாக வந்ததாகச் சரித்திரம் இல்லை.

டிக்கெட் முன்பதிவு திறப்பதற்கு முந்தின நாள் பிற்பகல். மன்சிக்கின் மனைவி கும்ரே கூடத்துத் தரையில் உட்கார்ந்து பயற்று முளைகளின் வால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அது ஏன் இப்படி இரையுது?"

"வேலை செய்யுது."

"நீங்க ஒண்ணும் செய்யலையே."

"அது செய்யுது."

"என்ன செய்யுது?"

"தன்னைக் காப்பாத்திக்குது."

"நம்மள எப்பக் காப்பாத்தும்?"

மன்சிக் திரையில் முளைத்த ஒரு பெட்டியை மூடினார்.

"அதுல பாதியத் தூக்கிப் போட்டாத்தான் என்ன?"

"சும்மா வந்ததத் தூக்கிப் போடுறவன் மனுஷனா?"

"டிக்கெட்டுக்கு வேற வழி இருக்குன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன்..."

"அந்தப் பேச்ச எடுக்காதன்னு அன்னைக்கே சொன்னேன்."

"சரி," என்றாள் கும்ரே. அடுத்த முளையை எடுத்தாள்.

கும்ரே ஒரே தடவையில் சரி என்றால் புருஷன்காரன் உஷாராக வேண்டும். மன்சிக் ஆகவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தார். அந்தச் சந்தோஷத்தில் கணினியின் வேகத்தைக் கூட்டும் மென்பொருள் ஒன்றையும் இறக்கினார். இலவசம்தான்.

மறுநாள் காலை. நாட்டில் பாதிப் பேர் திரை முன்னால் உட்கார்ந்திருந்த நேரம். மன்சிக் முகம் கழுவி, சட்டை மாற்றி உட்கார்ந்தார். ஏழு அடித்தது. தட்டினார். ரயில் பக்கம் திறந்தது. அவருக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் என்று வரிசை காட்டியது. வரிசை குறைந்தது. மளமளவென்று குறைந்தது.

"பாத்தியா? ஓசிங்கிற. வேகத்தப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் கும்ரே அடுப்படியிலிருந்து. அங்கிருந்து திரை தெரியாது.

அவர் முறை வந்தது. ஊர் கேட்டது. மொக்போ என்று அடித்தார். நாள் கேட்டது. அடித்தார். எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு என்று அடிக்க விரலைத் தூக்கினார். அப்போது புதுசாக வந்த வேகக்காரன் திரை நடுவில் வந்து நின்றான். கணினி மெதுவாக இருக்கிறதாம், சீர்செய்கிறானாம், பொறுக்க வேண்டுமாம். மன்சிக் அவனை மூடினார். அவன் பின்னாலிருந்து செருப்புக்காரன் எட்டிப் பார்த்தான். அவனையும் மூடினார். உடனே மூன்று காவல்காரர்களும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒற்றுமையானார்கள். திரையில் எழுத்து வந்தது: "சந்தேகத்துக்குரிய பக்கம் ஒன்று மூடப்பட்டது. நீங்கள் இப்போது பத்திரமாக இருக்கிறீர்கள்."

மூடியது ரயில் பக்கத்தை.

மறுபடி திறந்தபோது வரிசையின் வால் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அவர் முறை வந்தபோது மொக்போ ரயில் எதிலும் இடம் இல்லை. நின்றுகொண்டு போகவும் இல்லை.

வாசலில் பாங் குரல். "அண்ணே, எங்களுக்குக் கெடைச்சிருச்சு. உங்களுக்கு?"

"பத்திரமா இருக்கோம்," என்றார் மன்சிக்.

பாங் போய்விட்டார். மன்சிக் எழுந்திருக்கவில்லை. சித்தப்பா மகன் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து மண்டியிடுவது அவருக்குத் தெரிந்தது. அண்ணன் தலையாட்டுவதும் தெரிந்தது.

"சூப் ஆறுது," என்றாள் கும்ரே.

"பசிக்கல."

"மொக்போவுக்குப் பட்டினியா போறதா உத்தேசமா?"

"எங்க போறது? டிக்கெட் போச்சு."

"உங்க டிக்கெட் போச்சு. நம்ம டிக்கெட் இருக்கு."

மன்சிக் திரும்பிப் பார்த்தார். கும்ரே கிம்ச்சி ஊறுகாயை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?"

"பெரியவங்களுக்குத் தனியா ஒரு நாள் விடுறாங்கல்ல. எல்லாருக்கும் முன்னாடி. போன் பண்ணினாப் போதும். போன வாரம் பண்ணினேன்."

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கான நாள் அது. மன்சிக் தாண்டிச் சில காலம் ஆகிறது. அந்த நாளைப் பற்றித்தான் பேச்செடுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டிருந்தார். கிழவன்கள் வரிசையில் நிற்கிற ஆள் இல்லை அவர்.

"என் பேர்லயா போட்ட?"

"பின்ன? எனக்கு வயசு பத்தல. உங்க வயசத்தான் சொன்னேன். காசு குடுக்காம உங்ககிட்ட வந்து சேந்ததுல வேலை செஞ்சது அது ஒண்ணுதான்."

"அப்ப ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு அதையும் ரத்து பண்ணியிருப்பீங்க."

மன்சிக் மேஜைக்கு வந்தார். கரண்டியை எடுத்தார். அவமானம் ஒரு பக்கம். கிண்ணம் கை மாறாது என்கிற நிம்மதி ஒரு பக்கம். நிம்மதிக்குப் பசி எடுத்தது.

"திரும்புறதுக்கும் இருக்கா?"

"இருக்கு. யோசுலேர்ந்து."

கரண்டி நின்றது. யோசு கும்ரேயின் பிறந்த ஊர். படையல் முடிந்ததும், ரோட்டில் கூட்டம், இன்னொரு சமயம் போகலாம் என்று அவர் வருஷா வருஷம் தட்டிக்கழித்த மாமியார் வீடு அங்கேதான் இருக்கிறது.

"மொக்போலேர்ந்து கிடைக்கலையா?"

"கேக்கல."

"எத்தனை நாள்?"

"சாப்பிடுங்க. எங்கம்மா சோயா சாறுல நண்டு ஊறப் போட்டாச்சு."

மன்சிக் சாப்பிட்டார். வேறு என்ன செய்வார். அப்போது போன் அடித்தது. அண்ணன்.

"என்னடா, கெடைச்சுதா?"

"கெடைச்சுதுண்ணே. முந்தின நாளே வந்துருவோம்."

"பரவால்லையே. ஊரே கெடைக்கலன்னு அழுவுது. அந்தக் கம்ப்யூட்டர்லயா புடிச்ச? சும்மா பீத்திக்கிறன்னுல்ல நெனச்சேன். சித்தப்பா மகன் பக்கத்துலதான் இருக்கான். அவனும் கேக்கட்டும், எப்படிப் புடிச்சன்னு சொல்லு."

மன்சிக் நெஞ்சை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார். எதிரே கும்ரே தட்டைத் துடைத்தபடி நின்றாள். டிக்கெட் அவள் வசம் இருந்தது.

பெண்டாட்டி பேரை அண்ணன் காதில் போடும் வழக்கம் மன்சிக்குக்கு இல்லை. அன்று போட்டார்.

"நான் இல்லண்ணே. கும்ரே."