மச்சானுக்கு முந்திப்போன சேதி

எழுமலை,
ஆடி மாதம், 2003

திருப்பரங்குன்றத்தில் இருந்துகொண்டு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்கள் நடத்தும் கிரிதரன் சார் அவர்களுக்கு, எழுமலை நல்லகாமன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே மழை இல்லை, மற்றபடி சுகம். தாங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் மையத்துப் பிள்ளை அன்னக்கொடி தினமும் சாயங்காலம் மைக்கில் கத்தரிக்காய் விலை வாசிக்கும். ஒருத்தரும் கேட்பதில்லை என்று உள்ளூர்ச் செய்தியும் சேர்க்கச் சொன்னீர்களாம். சிட்டா எடுக்கப் போன என்னிடம், "அண்ணே, ஏதாச்சும் சேதி இருந்தாச் சொல்லுங்க" என்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஆவணியில் என் மகளுக்குக் காதுகுத்து என்றேன். அன்றைக்கே மைக்கில் அலறிவிட்டது. அது போதாதென்று கம்ப்யூட்டர் வழியாக டி. கல்லுப்பட்டிப் பக்கத்து மையத்துக்கும் அனுப்பி, அங்கேயும் வாசித்திருக்கிறார்கள். என் மச்சான் கண்ணுச்சாமி இருப்பது அங்கேதான். தாய்மாமனுக்கு வெத்தலை பாக்கு வைத்து முதல் அழைப்புச் சொல்லாமல் ஊருக்குச் சொல்லலாமா சார்? மறுநாள் தட்டோடு போய் நின்றால், "மைக்குல கேட்டாச்சு மாப்ள. டீக்கடையில நின்னவன் அம்புட்டுப் பேரும் கேட்டாய்ங்க. கூட்டத்தோட கூட்டமா வந்து சாப்பிட்டுப் போறேன், மடிக்கு வேற ஆளப் பாருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? என் வீட்டுக்காரி சோறு பொங்காமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

அன்னக்கொடியிடம் சண்டைக்குப் போனேன். "இதுக்கா இம்புட்டுக் கோவம்? மறுப்புப் போட்ருவோம்ணே" என்று மறுபடியும் மைக்கைப் பிடித்தது. "ஒரு திருத்தம். நல்லகாமன் தன் மச்சானை இன்னும் முறைப்படி அழைக்கவில்லை." அடப்பாவமே! இதுவும் கம்ப்யூட்டரில் போய் அங்கே வாசிக்கப்பட்டது. இப்போது பஸ் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் முன்னால், "அண்ணே, மச்சானக் கூப்பிட்டாச்சா?" என்கிறார். வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஆகையால் இனி என் வீட்டுச் சங்கதி எதையும் வாசிக்கக் கூடாது. அந்த மைக்கையும் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள். எங்களுக்குக் கத்தரிக்காய் விலையே போதும்.

தங்கள் குடும்பத்துக்கு எங்கள் குலசாமி என்றும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
நல்லகாமன்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பினால் வாசலில் மச்சான் நிற்கிறார். தட்டோடு போன என்னைத் திருப்பி அனுப்பிய சேதி அங்கே பரவி, "தங்கச்சி மகளக் கைவிட்டுட்டீகளாமே" என்று பார்க்கிறவரெல்லாம் கேட்டு, அவருக்கும் அங்கே தலைகாட்ட முடியவில்லையாம். மடியில் உட்கார வைக்கச் சம்மதித்துவிட்டார். கிடாய், பட்டுப்பாவாடை, கம்மல், மேளம் என்று சீரும் கொண்டுவருகிறார். ஒரே ஒரு நிபந்தனைதான்: அம்புட்டுச் சீரையும் ஒன்று விடாமல் இரண்டு ஊரிலும் மைக்கில் வாசிக்க வேண்டும். மேலே எழுதியதைப் படிக்காதீர்கள் சார். சத்தத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்கள்.