எண்ணெய் மறுக்கப்பட்ட லென்ஸ்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்து நுண்ணோக்கிக்குப் புதிய லென்ஸ் ஒன்று வாங்குவதென முடிவாயிற்று. ஒரு லென்ஸுக்கு ஒரு குழு, குழுவுக்கு மூன்று அதிகாரிகள், மூவருக்கும் ஐந்து நாற்காலிகள் எனச் சகலமும் முறைப்படி நடந்தது.

கூடத்துப் பரிசோதகிக்குத்தான் அவசரம். ஊர்த் தொட்டித் தண்ணீரில் கிருமி இருப்பதாக அவளுக்குச் சந்தேகம். வீட்டில் கொதிக்க வைத்துவிடுகிறாள். மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் யார் கொதிக்க வைப்பது? சாயம் ஏற்றினால் கிருமி இருட்டில் பச்சையாக ஒளிரும். அந்த மங்கல் ஒளி பழைய லென்ஸுக்கு எட்டவில்லை. ஆதாரம் இல்லாமல் தொட்டியை மூடமாட்டார்கள்.

மேஜையில் இரண்டு லென்ஸ்கள். ஒன்று நாற்பது மடங்கு பெரிதாக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். மற்றது அறுபது மடங்கு, எண்ணெய் ஆகாது.

"அறுபதுதானே பெரிசு?" என்றார் தலைவர்.

"பெரிசாத் தெரிஞ்சா போதாது சார், வெளிச்சமாத் தெரியணும். நாற்பதுதான் ஒளியை வாரிக்கிட்டு வரும். எண்ணெய் விட்டுப் பாருங்க."

கிடங்கு அதிகாரி நிமிர்ந்தார். அவருக்கு விதிப்புலி என்று பட்டப்பெயர். "ஒண்ணுக்கு மட்டும் எண்ணெயா? ரெண்டையும் சமமா நடத்தணும். விதி பதினொண்ணு."

"அப்ப ரெண்டுக்கும் விட்டுருவோம்," என்றார் தலைவர்.

"ஐயோ, அறுபது கெட்டுப்போயிடும் சார்!"

"அப்ப ரெண்டுக்கும் வேணாம். தீர்ந்துது."

அவள் விளக்கை அணைக்கப் போனாள்.

"கையை எடுங்கம்மா!" என்றார் விதிப்புலி. "தேர்வு வெளிப்படையா நடக்கணும். இருட்டுல நடத்தினா ஊர் என்ன பேசும்? விதி பதினாலு."

ஆறு குழல்விளக்குகளும் எரிந்தன. மூவரும் முறைவைத்துக் குனிந்து பார்த்தார்கள். எதிலும் எதுவும் ஒளிரவில்லை. "இரண்டும் சமம், ஆகவே எண்ணில் பெரியது ஏகமனதாகத் தேர்வு பெறுகிறது" என்று தலைவர் எழுதினார். நாற்பது திருப்பி அனுப்பப்பட்டது.

அறுபதைப் பொருத்தி, கதவடைத்து, விளக்கணைத்து, நான்கு நாளில் முப்பத்திரண்டு கண்ணாடித் தகடுகளைப் பார்த்தாள். முன்பு சின்ன இருட்டு. இப்போது பெரிய இருட்டு.

"என்ன தெரிஞ்சுது?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமே தெரியலை சார்."

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

புதிய லென்ஸின் வருகையால் தண்ணீர் தூய்மை அடைந்ததாக அறிக்கை வெளியாகி, பாராட்டு விழாவும் நடந்தது. வந்த நூற்றுப் பதினேழு பேருக்கும் தொட்டித் தண்ணீர் டம்ளரில் வழங்கப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, அவரவர் பையிலிருந்து வீட்டுப் பாட்டிலை எடுத்துக் குடித்தார்கள். தலைவரும் குடித்தார். விதிப்புலியும் குடித்தார்.

"இவ்வளவு தண்ணியும் வீணாப் போகுதே," என்றார் தலைவர். "குடத்துல ஊத்திப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க."

அவள் துள்ளி எழுந்தாள். "வேணாம் சார், கீழே கொட்டச் சொல்லுங்க!"

தலைவர் அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"