வாசற்கதவு இப்போது லவோன் வீட்டில் இருக்கிறது

அன்பு மருமகன் நெல்ஸுக்கு,

உன் தாய்மாமா ஆர்வில் எழுதுவது. நானும் என் முழங்காலும் சுகம். ஏரி நன்றாக உறைந்து, அதன் மேல் வண்டிகள் போகத் தொடங்கிவிட்டன. கிரெட்டாவும் குழந்தைகளும் மினியாபொலிஸில் இருமலின்றி இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஃபோனில் என்றால் பாதிப் பேச்சிலேயே "பரவாயில்லப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்று வைத்துவிடுவேன். ஆகவே கடிதம்.

நன்றியறிதல் பண்டிகைக்கு வந்திருந்தபோது நீ அன்போடு என் வீட்டில் பொருத்திவிட்டுப் போன ஏற்பாட்டைப் பற்றித்தான். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பது சந்தேகமே. வீட்டுக் கருவிகளெல்லாம் வைஃபையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒன்றுக்கு வேலை அதிகமானால் சும்மா இருக்கும் இன்னொன்று அதை வாங்கிக்கொள்ளும். எந்த வேலையை யார் கவனிப்பது என்பதைத் தங்களுக்குள்ளேயே தீர்மானித்துக்கொள்ளும். மேலதிகாரி என்று எதுவும் கிடையாது. இப்படித்தானே சொன்னாய்? "நம்ம சர்ச் சமையலறை மாதிரிதான் மாமா, கை காலியா இருக்கிறவங்க கரண்டியப் பிடிப்பாங்க" என்றாய். வாழ்நாள் முழுக்கக் கல்லூரி நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தையும் அதனதன் இடத்தில் வைத்துப் பழகியவனுக்கு அது கொஞ்சம் கலக்கமாக இருந்தது. ஆனாலும் குளிர்சாதனப் பெட்டி வீட்டுச் சூட்டைப் பார்த்துக்கொள்ள, காப்பி இயந்திரம் விளக்குகளைப் பார்த்துக்கொள்ள, ஒரு குறையும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. குளிர்கால விருந்தை யார் வீட்டில் வைப்பது என்று போதகர் கேட்டார். எல்லோரும் குனிந்து தங்கள் காலணியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஆனால் கொஞ்சம் தாமதமாகக் குனிந்தேன் போலிருக்கிறது. "ஆர்வில் வீடு! ரொம்ப சந்தோஷம்!" என்றார் போதகர். ஞாயிறு ஆராதனை முடிந்து சபையே வந்தது, ஆளுக்கொரு மின்பானையைத் தூக்கிக்கொண்டு. காட்டரிசி சூப், பீன்ஸ், இறைச்சி உருண்டை, உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்ந்த ஹாட்டிஷ் கலவை என்று சமையலறை மேடை முழுக்கப் பானைகள். இந்தக் காலத்துப் பானைகளிலும் வைஃபை இருக்கிறது என்பதும், வருகிற விருந்தாளிகளின் கருவிகளையும் வரவேற்றுச் சேர்த்துக்கொள்ளும்படி என் வீட்டுக்கு நீ சொல்லி வைத்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியாது. கதவு ஓயாமல் திறந்து மூட, குளிர் உள்ளே வர, காப்பி மேல் காப்பி இறங்க, வீட்டுக் கருவிகளுக்கு மூச்சு முட்டியிருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தால், சூடாக இருப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாமல் பானைகள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஊரில் யாராவது எதையாவது நீட்டினால் முதல்முறை வேண்டாம் என்போம், இரண்டாம் முறையும் வேண்டாம் என்போம், மூன்றாம் முறைதான் வாங்கிக்கொள்வோம், உனக்குத் தெரியாததல்ல. பானைகளுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. ஒருமுறை கேட்டதுமே என் வீட்டு வேலைகளை எல்லாம் பங்குபோட்டு வாங்கிக்கொண்டுவிட்டன.

விருந்து முடிந்ததும் அவரவர் பானையை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசி வண்டி திரும்பும்வரை வாசலில் நின்று கையசைப்பதுதானே முறை? வீட்டுச் செருப்போடு நின்று அசைத்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. விரலை வைத்தேன், திறக்கவில்லை. சாவித் துளையைத்தான் நீ எடுத்துவிட்டாயே. பின்கதவைத் தாழ்ப்பாள் உயரத்துக்குப் பனி மூடியிருந்தது. சட்டைப்பையில் இருந்த ஃபோனைப் பார்த்தேன். "வாசற்கதவைக் கவனிப்பது: லவோனின் பானை. தற்போது தொடர்பில் இல்லை" என்றிருந்தது.

லவோன் யார் என்று உனக்குத் தெரியும். சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரலில் பாடுவாரே, அந்த லவோன். கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. தேவாலயத்தில் அவருக்குப் பின்வரிசையில்தான் எத்தனையோ காலமாக உட்கார்ந்திருக்கிறேன். பனியைப் பற்றியும் மழையைப் பற்றியும் தவிர ஒரு வார்த்தை பேசத் துணிந்ததில்லை.

நல்லவேளை, அடுத்த தெரு ட்வேன் மட்டும் இன்னும் வண்டிக் கண்ணாடியை இறக்கிவைத்து விடைபெற்றுக்கொண்டிருந்தான். "என்னய்யா ஆர்வில், சொந்த வீட்டுக்கே விருந்தாளியா வந்திருக்கே?" என்றான். ஃபோனை வாங்கிப் படித்துவிட்டு ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தான். "விளக்கு எம்பானைகிட்ட வந்திருக்கு, கதவு லவோன்கிட்ட போயிருக்கு. உன் வீட்டுக்கு உன்னவிட விவரம் ஜாஸ்திய்யா! ஏறு."

லவோன் வீட்டு வாசலில் ட்வேனே விஷயத்தைச் சொன்னான். லவோன் என் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பானையைச் செருகணுமா? செருகிட்டாப் போச்சு." செருகினார், அடுத்த நிமிடமே அணைந்துவிட்டது. காலிப் பானை பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடுமாம். உள்ளே ஏதாவது வெந்தால்தான் பானை விழித்திருக்கும், பானை விழித்திருந்தால்தான் என் கதவு திறக்கும். அவர் பட்டாணியைக் கழுவிப் போட்டார். "வேகற வரைக்கும் காப்பி குடிங்க." வேண்டாம் என்றேன். "கொஞ்சம்?" பரவாயில்லை என்றேன். "யோவ், அவங்க மூணாவது தடவை கேக்கறதுக்குள்ள எனக்கு ஊத்தச் சொல்லுய்யா" என்றான் ட்வேன்.

அன்றிலிருந்து இதே கதைதான். கதவை ஃபோன் வழியாக வீட்டுக்குத் திருப்பிக்கொண்டால், நான் படியிறங்குவதற்குள் வீடு கணக்குப் போட்டுப் பார்த்து, எல்லாரையும்விட லவோனின் பானைக்குத்தான் வேலை குறைவு என்று மறுபடியும் அங்கேயே அனுப்பிவிடுகிறது. நான் ரொட்டி வாங்க வெளியே போனால் அவர் சூப் வைக்க வேண்டும். வைத்த சூப்பை ஒருவராகக் குடிக்க முடியாது என்கிறார். ட்வேன் மான்கறி வேகவைத்து அணைத்தால் இங்கே நான் இருட்டில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். போன வாரம் சூப் ஊற்றிக்கொண்டே லவோன் சொன்னார்: "இப்படிப் போறதும் வர்றதுமா இருக்கறதுக்கு, பேசாம கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கயே இருந்திடலாமே ஆர்வில்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பதறிப்போய், "ஐயோ, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றேன். நேற்று சிரிக்காமல் சொன்னார். "பரவாயில்லங்க, பழகிடுச்சு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, நெல்ஸ். இனி மூன்றாம் முறை கேட்பாரா, கேட்கமாட்டாரா? இரண்டுக்குமே எனக்குப் பயமாக இருக்கிறது. எழுபத்தைந்தைத் தாண்டியவன், எல்லாவற்றையும் இருமுறை சரிபார்ப்பவன், தூக்கத்தில் குறட்டை விடுபவன். அவருக்கு நான் என்ன பிரயோசனம்? ஆகவே தயவுசெய்து இந்த வார இறுதியிலேயே வந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, துளையுள்ள பூட்டு ஒன்றைப் போட்டுக் கொடு. பழையபடி பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

கிரெட்டாவுக்கு என் வணக்கம். குழந்தைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததாகச் சொல். உன் வீட்டுக் கதவுகள் என்றும் உன் வீட்டிலேயே இருக்க ஆண்டவர் அருள்வாராக.

என்றும் அன்புடன்,
மாமா ஆர்வில்

பி.கு.: இதைத் தபால்பெட்டியில் போட வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. லவோனைக் கூப்பிட்டேன். "பட்டாணி ஊறிக்கிட்டிருக்கு. ஆனா இன்னிக்குப் பானையைச் செருக மாட்டேன். நேரா இங்க வாங்க. மூணாவது தடவையாக் கேக்கறேன் ஆர்வில், நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். சரி என்றேன். நான்தான் சொன்னேனா என்று சரிபார்த்துக்கொள்ள இன்னொரு தடவையும் சரி என்றேன். உறையைப் பிரித்து அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. கதவில் கை வைக்காதே. அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். விளக்குகளை மட்டும் அங்கிருந்தபடியே ட்வேனிடமிருந்து வாங்கிவிடு, மான்கறி தின்று தின்று அலுத்துவிட்டதாம். நீ ஜூன் மாதம் வந்தால் போதும். கருவிப் பெட்டி வேண்டாம், நல்ல கோட்டு ஒன்று எடுத்துவா.