நாற்பத்து மூன்று பலாப்பழங்கள்

"மூஞ்சியக் காட்டு, மூஞ்சியக் காட்டுன்னா எதக் காட்டுறது? அது பளிச்சுன்னு கண்ணடிக்குது, நான் சுருண்டுக்குறேன். இதுல என் தப்பு என்ன?"

ஒரு காட்டில், புற்றுகள் நிறைந்த மலைச்சரிவில், நஞ்சி என்ற அழுங்கு மூன்று நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. அழுங்கு என்றால் எறும்புதின்னி. தலை முதல் வால் வரை செதில். பயந்தால் சுருண்டு பந்தாகிவிடும். அந்தக் குலத்துக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். சிறுத்தை வந்தாலும் சுருளும், சம்பந்தி வந்தாலும் சுருளும்.

"தப்புன்னு யாரு சொன்னா? நீ எல்லாருக்கும் முந்திச் சுருண்டேன்னுதான் சொன்னேன்" என்றான் கணவன் மசணன்.

"நீ ரொம்ப நின்னு போஸ் குடுத்தியாக்கும். சுருண்டு, உருண்டு, ஓடைக்குள்ள போய் விழுந்த ஆளுதானே."

மசணன் வால் செதிலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினான். ஓடைக்குள் விழுந்தது உண்மை.

சண்டைக்கு மூலகாரணம் ஒரு செல்போன். அதைக் கொடுத்தவர்கள் வரித்தலை வாத்துகள். மார்கழியானால் பனிமலை தாண்டி நம் ஏரிக்கு வந்து இறங்குவார்கள். யாராவது ஒருவருடைய கஷ்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கண்கலங்குவார்கள். பங்குனியில் கிளம்பிவிடுவார்கள். இந்த வருஷம் அழுங்குகளின் கஷ்டம் தேர்வாகியிருந்தது.

கஷ்டம் நிஜமானதுதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. 'புற்றுச்சரிவு சும்மாதான் கிடக்கிறது, எங்களுக்குக் கிழங்குப் பண்ணை போடக் கொடுங்கள்' என்று காட்டுப்பன்றிகள் மனு போட்டிருந்தன. வெள்ளிக்கிழமை விசாரணை. அங்கே காலங்காலமாகக் குடியிருப்பதை அழுங்குகள் நிரூபிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முன்பெல்லாம் இதற்கு அதிகாரி யானை நேரே வருவார். வளைக்குள் துதிக்கையை விட்டு மூச்சை ஓர் இழுப்பு இழுப்பார். "ஆள் இருக்கு" என்பார். முடிந்தது. வாத்துகளுக்கு அது சரிப்படவில்லை. தொலைதூரத்துத் தொல்குடிகளின் உரிமை ஒரு மூக்கை நம்பியா இருப்பது என்று உருகி, மின்னணுக் கருவிகளுக்கு நிதி ஒதுக்கினார்கள். செல்போன் வந்தது, செயலி வந்தது. செயலி வந்ததும் யானை அலுவலகம் சும்மா இருக்குமா? 'இனி செயலியில் பதிவானதே சாட்சி, முகர்தல் செல்லாது' என்று அறிவிப்பு ஒட்டிவிட்டது.

பயிற்சி கொடுக்க ஃபிலோமினா என்ற மைனாவை நியமித்தார்கள். பயிற்சி நேரம் காலை பதினொரு மணி. அழுங்குகளோ பகலெல்லாம் தூங்குகிற ஜாதி. வரிசையாக உட்கார்ந்து தலையாட்டின. தூக்கத்தில் ஆடிய தலைகளை ஃபிலோமினா 'நன்கு புரிந்தது' என்று எழுதிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக நிற்க வைத்துப் படம் எடுத்தாள். பளிச். சுருள். பளிச். சுருள். நாற்பத்து மூன்று பேர். அழைத்தால் வருகிறார்கள், வந்தால் உருள்கிறார்கள்.

வியாழக்கிழமை அவள் சந்தோஷமாகப் பறந்து வந்தாள். "எல்லாரும் ஏறியாச்சு அக்கா. எல்லாமே பச்சை டிக்."

"என்னன்னு ஏறியிருக்கு, படி" என்றாள் நஞ்சி. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கிற ரகம்.

ஃபிலோமினா படித்தாள். "பலாப்பழம், ஒன்று. பலாப்பழம், இரண்டு. பலாப்பழம்..." குரல் இறங்கிக்கொண்டே போனது.

விஷயம் இதுதான். புதுச் செயலி செய்ய நேரமில்லை. போன வருஷம் குரங்குகளுக்குப் பழம் எண்ணச் செய்ததையே எடுத்து, மேலே பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். பழைய தீபாவளி ஸ்வீட் டப்பாவில் புது மிக்சர் போட்டுக் கொடுப்பதில்லையா, அப்படி.

"மாத்து" என்றாள் நஞ்சி.

"பதிவு மூடியாச்சு அக்கா. அடுத்த மார்கழிக்குத்தான் திறக்கும்."

"என்னைப் பாத்தா பலாப்பழம் மாதிரியா இருக்கு?"

ஃபிலோமினா தலையைச் சாய்த்து, நேர்மையாகப் பார்த்தாள். "சுருண்டா... கொஞ்சம்."

வெள்ளிக்கிழமை விசாரணை சரிவிலேயே நடந்தது. பன்றிகள் உறுமிக்கொண்டு வந்து நின்றதும், வழக்கம்போல நாற்பத்து மூன்று பேரும் சுருண்டுவிட்டார்கள். யானை துதிக்கையில் செல்போனைப் பிடித்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் கண்ணில் ஒரு கனிவு வந்தது.

"பலா. நாற்பத்து மூன்று."

"ஐயா, அந்தச் சரிவுல ஒரு பலா மரம்கூடக் கிடையாதுங்க" என்றது தலைவர் பன்றி.

"மரத்தைப் பத்தி மனுவில் கேள்வி இல்லை. பழம் பதிவாகியிருக்கு. பழம் கண்ணெதிரே கிடக்கு."

நஞ்சிக்கு நாக்கு துடித்தது. அவிழ்ந்து, எழுந்து, 'நான் அழுங்கு, என் பாட்டன் தோண்டின வளை அது' என்று நாலு வார்த்தை கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பக்கத்துப் பந்திலிருந்து மசணன் முணுமுணுத்தான்: "ஏ நஞ்சி, அவிழ்ந்தா நீ அழுங்கு. அழுங்கு பதிவுல இல்ல. பதிவுல இல்லாதவளுக்கு வளை ஏது?"

கல்யாணமான நாளாக அவன் சொன்ன முதல் உருப்படியான பேச்சு அது. நஞ்சி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் கிடந்தாள்.

தீர்ப்பு வந்தது: புற்றுச்சரிவு பழ நிலம், பழங்கள் பழுக்கும்வரை யாரும் தொடக் கூடாது, பன்றிகளின் மனு தள்ளுபடி.

அன்றைக்கு அழுங்குகள் ஆளுக்கொரு புற்றை உடைத்து விருந்து வைத்தன. வாத்துகள் நாற்பத்து மூன்று உருண்டைகளோடும் நின்று படம் எடுத்துக்கொண்டு, 'தொல்குடிகள் வென்றனர்' என்று அறிக்கை எழுதி முடித்து, பங்குனியில் பறந்துவிட்டார்கள். தவளைகளுக்கு ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு ஃபிலோமினாவும் போய்விட்டாள்.

ஆனி பிறந்தது. பலாப்பழக் காலம். யானை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது: 'பதிவான பழங்கள் பழுத்துவிட்டனவா என ஆய்வு.' மற்ற வேலைக்கெல்லாம் ஆள் அனுப்புகிற யானை இதற்குத் தானே வந்தார், துதிக்கையில் செல்போனும் சுண்ணாம்புக் கட்டியுமாக. வரும்போதே வாயில் எச்சில்.

முதலில், சுருண்டு கிடந்த மசணனைத் தட்டினார். டொக். "காய்."

அடுத்தது நஞ்சி. டொக், டொக். அப்புறம் குனிந்து, துதிக்கையை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். அதே துதிக்கை. நஞ்சி செதில் இடுக்கில் காதைத் தீட்டினாள். இதோ, இப்போது சொல்லிவிடுவார், 'ஆள் இருக்கு' என்று.

"இன்னும் ஒரு வாரம்" என்றார் யானை. அவள் முதுகுச் செதிலில் 'ஏழு' என்று எழுதினார்.

"ஐயா" என்றாள் நஞ்சி, செதிலுக்குள்ளிருந்து. சண்டை போடுகிற குரல் இல்லை அது. "இன்னொரு தடவை மோந்து பாருங்கய்யா. செல்போன கீழ வச்சிட்டு, பழைய மாதிரி மோந்து பாத்துச் சொல்லுங்க."

டொக், டொக். யானை அடுத்த பழத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நீதி: குடியிருக்கும் இடத்துக்கு உரிமை கேட்பவர்கள் முதலில் ஏதாவதொரு பழமாகப் பதிவு செய்துகொள்ளவும். பழுப்பதை மட்டும் அடுத்த மார்கழிவரை ஒத்திப்போடவும்.